ஆணியில் தொங்கிய துடைப்பம்

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் அடித்தது. திண்டிவனத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் பேசினார். பாரம் தூக்க, காலால் மிதித்து ஏற்றுகிற பழைய ஹைட்ராலிக் டேபிள் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறாராம். அதற்கு மோட்டார் வைக்க வேண்டுமாம்.

"அந்தக் காலத்துலயே இந்த வேலைய நீங்க பண்ணியிருக்கீங்கன்னு சொன்னாங்க சார். எத்தினி எச்.பி. மோட்டார் போட்டீங்க?"

"அத அப்பறம் சொல்றேன். டேபிள எறக்குற ஆளு எங்க நிப்பான்?"

"அது ஒண்ணும் கஷ்டமில்ல சார். செவுத்து ஓரமா போர்டு வச்சி ரெண்டு பட்டன் குடுத்துட்டா, நின்ன எடத்துலயே ஏத்தலாம், எறக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே பேச்சை, ஏறக்குறைய இதே வரிசையில், இருபத்தாறு வயதில் நான் பேசியிருக்கிறேன். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த மனைவி, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனது எப்போதோ ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. அந்தப் பட்டறைக்காரரிடம் போனில் சொன்னால் பாதிதான் சொல்வேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் கோதண்டம். ஒரு சர்க்கரை ஆலையில் நாலு வருஷம் எண்ணெய்த் துணியும் ஸ்பேனருமாகத் திரிந்து ஃபிட்டர் ஆனவன். அந்த நாலு வருஷத்தில் திட்டு வாங்கினேன், வேலை கற்றுக்கொண்டேன், வேறு சொல்ல ஒன்றும் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிக்கு வந்து ஒரு மல்லாட்டை மில்லில் சேர்ந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதைத் தோல் உடைத்து, பருப்பைச் சலித்து, சாக்கில் கட்டி லாரியில் அனுப்புகிற மில். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்த அந்த இடத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்குத் தலைகால் புரியாமல் இருந்தது.

முதலாளி பெயர் சாந்திநாத நயினார். தமிழ் ஜைனர், பல தலைமுறையாக அந்தப் பக்கத்தில் நிலமும் வியாபாரமுமாக இருந்த குடும்பம். மில்லில் குடிதண்ணீர்ப் பானையின் வாயில் எப்போதும் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிடுவார். விளக்கு வைத்தால் பூச்சி வந்து விழுந்து சாகும் என்பதால் விளக்கு வைத்துச் செய்யும் வேலையே மில்லில் கிடையாது. மேற்கே ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் போனால் மில் நின்றுவிடும். மலை உயரம் என்பதால் மற்ற ஊர்களைவிட எங்களுக்குப் பொழுது கொஞ்சம் முன்னாலேயே சாயும். "ராஜா மேல கோட்ட கட்டினாரு, கீழ நமக்கு அர மணி லீவு வுட்டாரு" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

நயினார் யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. எதையும் ஒரே ஒரு தடவை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொல்வார். "பெல்ட்டு கொஞ்சம் கத்துதோ" என்றால் உடனே பெல்ட்டைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். "வாசல்ல சாக்கு கெடக்குது போல" என்றால் நாலு பேர் ஓடுவார்கள். சத்தம் போடுகிற முதலாளியை ஏய்த்துவிடலாம், இவரிடம் யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. அவர் குரல் உயர்ந்து ஒரே ஒரு நாள் கேட்டிருக்கிறேன். அது பின்னால் வருகிறது.

நான் சேர்வதற்கு முன்னால், மூட்டையை முதுகில் சுமந்து பலகை வழியாக லாரியில் ஏறிய ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு நயினார் மெட்ராஸுக்குப் போய், பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் அந்தத் தூக்கு டேபிளை வாங்கி வந்தார். கனத்த இரும்புத் தட்டு, அதற்குக் கீழே கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் கால்கள், நடுவில் எண்ணெய் சிலிண்டர். பக்கத்தில் இருக்கும் பெடலை மிதிக்க மிதிக்க எண்ணெய் சிலிண்டருக்குள் போகும், தட்டு மேலே ஏறும். லாரியின் உயரத்துக்கு வந்ததும் மூட்டைகளை அப்படியே உள்ளே புரட்டித் தள்ளலாம். இறக்குவதற்குச் சின்னதாக இன்னொரு பெடல். அதை மிதித்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், தட்டு மெல்ல இறங்கும். காலை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மிதிப்பவர் சவரிமுத்து. தளவானூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நாற்பது வயது இருக்கும். சைக்கிளில் வருவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசைக்குப் போய்விடுவார். வலது கெண்டைக்கால் மட்டும் தனியாகச் செய்து ஒட்டியதுபோலத் திரண்டிருக்கும். ஒவ்வொரு மிதியையும் வாய்விட்டு எண்ணுவார். நாற்பத்திரண்டு மிதித்தால் தட்டு லாரிக்குச் சமம். நாற்பத்தொன்றில் நிறுத்தி அவரை யாராவது பேச்சுக்கு இழுத்தால் கோபம் வந்துவிடும்.

இறக்குவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மேலே நிற்கும்போது கீழே நிழலாக இருக்குமல்லவா? சிந்திய பருப்புக்கு எறும்பு வரும், குளிர்ச்சிக்குத் தேரை வரும், மழைக்காலத்தில் மரவட்டை ஊரும். தட்டு இறங்கினால் அத்தனையும் நசுங்கும். அதனால் சவரிமுத்து குனிந்து கீழே பார்த்து, துடைப்பத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, துடைப்பத்தைத் தூணில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் சின்னப் பெடலில் கால் வைப்பார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். நயினார் எப்போதோ ஒருமுறை முணுமுணுத்தது, சட்டமாகிவிட்டது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"இங்க எறும்ப காப்பாத்திட்டு ஊட்டுக்குப் போயி கோழி அடிப்பீங்க, இல்லண்ணா?" என்று சீண்டுவேன்.

"மில்லுல அவரு சொல்றது, ஊட்டுல எம் பொண்டாட்டி சொல்றது. நான் எங்க சொல்றேன்?" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் விளைச்சல் அமோகம். லாரி மேல் லாரி வந்து நின்றது. நாற்பத்திரண்டு மிதி, பெருக்கல், இறக்கல், மறுபடி நாற்பத்திரண்டு என்று போனால் சூரியன் காத்திருக்குமா? ஒருநாள் பாதி ஏற்றிய லாரி அப்படியே நின்று, இரவு மழையில் பருப்பு நனைந்துபோனது. மறுநாள் காலை நயினார் டேபிள் பக்கத்தில் நின்று, "மில்லு பூரா கரண்டு வந்துடுச்சி. இங்க மட்டும் காலு மிதிச்சிக்கிட்டே இருக்குது போல" என்றார்.

நான் தயாராகக் காத்திருந்தவன். "மோட்டார் வச்சிடலாம் மொதலாளி. செவுத்து ஓரமா போர்டு வச்சிட்டா, நின்ன எடத்துலயே ஏத்தலாம், எறக்கலாம்" என்றேன்.

அன்று மாலை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சவரிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஊருல தண்ணி எறைக்க ஏத்தம் மிதிச்சிக்கிட்டு இருந்தேன். பம்ப்செட்டு வந்துது, எறங்கிட்டேன். இங்க வந்து இத மிதிச்சேன். இங்கயும் மோட்டார் வருது. எங்கால வச்சிக்கிட்டு இன்னும் எங்க போறது?"

எனக்குப் பகீர் என்றது. இரண்டு எச்.பி. மோட்டாரைப் பற்றி யோசித்தேனே தவிர அந்தக் காலுக்குச் சொந்தக்காரரைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை. நேரே நயினாரிடம் போய்ச் சொன்னேன்.  அவர், "எறக்கறதுக்கு முன்னாடி கீழ யாராச்சும் பாக்கணும் இல்ல? சவரி அத பாக்கட்டும். கூலி எப்பவும்போல" என்றார். சவரிமுத்துவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் வேலையை நானே காப்பாற்றிவிட்ட மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை இரண்டு வாரம் ஓடியது. பெடல் கம்பி ஒரு இரும்புப் பின்னில் கோத்து பம்பைத் தள்ளும். அந்தப் பின்னைத் தட்டி எடுத்து, பெடலைக் கழற்றி, அதே இடத்தில் மோட்டாரின் கிராங்குக் கம்பியைக் கோத்தேன். விழுப்புரத்தில் லேத்துக்காரரிடம் கடைந்து வாங்கிய கிராங்கு. இனி காலுக்குப் பதில் மோட்டார் மிதிக்கும். பெடலைக் காயலான் கடைக்குப் போட இருந்தேன். "கெடக்கட்டும், எதயும் தூக்கிப் போட வேணாம்" என்றார் நயினார், ஸ்டோர் ரூமில் மாட்டி வைத்தேன். சின்னப் பெடலையும் எடுத்துவிட்டு, எண்ணெய் திரும்பும் குழாயைப் பெரிதாக்கினேன், தட்டு சீக்கிரம் இறங்கட்டும் என்று. இறக்கும் வால்வுக்கு ஒரு நீளமான லீவரைப் பூட்டி, அதைச் சுவரோரம் மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். லீவருக்கு ஒரு கொக்கியும் வைத்தேன். ஒருமுறை தள்ளினால் போதும், அது மாட்டிக்கொள்ளும், தட்டு தானாக அடிவரை இறங்கும். கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. அந்தக் கொக்கியை எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரே ஒரு குறை. டேபிளை ஏற்றி இறக்க நான் நிற்கும் இடத்திலிருந்து தட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நடுவில் மூட்டை அடுக்கு மறைக்கும். ஆனால் அந்தத் தூணும் ஆணியும் தெரியும். சவரிமுத்து பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை ஆணியில் மாட்டுவது வழக்கம்தானே? துடைப்பம் ஆணிக்கு வந்துவிட்டால் நான் இறக்கலாம். மணி வேண்டாம், விளக்கு வேண்டாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இதை அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அவர் தினமும் செய்வதைத்தான் நான் பார்க்கப் போகிறேன், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். 

டேபிள் பிரமாதமாக வேலை செய்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி வாயில் போடுவதற்குள் தட்டு மேலே நின்றது. பக்கத்து அரிசி மில்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நயினார் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்குது போல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

அப்படி ஒரு மாதம் போயிருக்கும். அன்று மதியம் நான் உடைக்கிற மெஷினில் வேலையாக இருந்தபோது, நயினார் டேபிள் பக்கம் வந்திருக்கிறார். சவரிமுத்து பெருக்குவதைப் பார்த்துவிட்டு, "தொடப்பம் எறும்புக்குக் கொஞ்சம் முரடோ. துணின்னா மெத்துனு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இது தெரியாது.

அதற்குப் பிறகு முதல் லாரி மாலையில்தான் வந்து நின்றது. சூரியன் மலை உச்சிக்கு ஒரு முழம் மேலே. உடைக்கிற மெஷினை நிறுத்தியாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் இரண்டு ஏற்றம் ஏற்ற வேண்டும். தட்டு மேலே போனது, மூட்டைகளைத் தள்ளினார்கள், தட்டு காலி. நான் தூணைப் பார்த்தேன். துடைப்பம் ஆணியில் தொங்கியது.

லீவரைத் தள்ளினேன். கொக்கி மாட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு லாரி டிரைவரிடம் ஏதோ பேசத் திரும்பினேன். என்ன பேச்சு என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை.

தட்டு அடியில் போய் உட்காரும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு என் காதுக்குப் பழகியிருந்தது. அந்த டொக் வரவில்லை. வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, வரவில்லை.  அதே நொடியில் லாரி மேலிருந்து ஒருவன் அலறினான்:

"ஃபிட்டரே! காலு! அடியில காலு தெரியிது!"

கொக்கியைத் தட்டி லீவரை இழுத்தேன். வால்வு மூடியது. தட்டு அதற்கு மேல் இறங்காது, ஆனால் ஏறவும் செய்யாதே. ஸ்டார்ட்டரை அழுத்தினேன். வயலெல்லாம் பம்ப்செட் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கிக் கிடந்தது. மோட்டார் முனகியது, சுற்றவில்லை. விடாமல் அழுத்தினேன். படீர் என்று ஃபியூஸ் போனது.

மூட்டை அடுக்கைச் சுற்றி ஓடினேன். சவரிமுத்துவின் இரண்டு கால்களும் வெளியே நீட்டிக் கிடந்தன, இடுப்புக்கு மேல் உள்ளே. நாலு பேர் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தம் கட்டினார்கள், ஒருவன் மரக்கட்டையை அணைவாகச் செருகினான். தட்டு அசையவில்லை. எண்ணெய் அடித்தால்தான் அது ஏறும். எண்ணெய் அடிக்க மோட்டார் வேண்டும், இல்லையென்றால் கால் வேண்டும். காலுக்கான பெடலை நான்தான் கழற்றிப் போட்டிருந்தேன்.

ஸ்டோர் ரூமுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. பெடலும் சுத்தியலுமாக வந்து விழுந்தேன். கிராங்குக் கம்பியைப் பிடித்திருந்த இரும்புப் பின் வரவில்லை. ஆடக்கூடாது என்று நானே இறுக்கி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஆறாவது அடியில் வெளியே தெறித்தது. கம்பியைத் தள்ளிவிட்டு பெடலைக் கோத்து, ஏறி நின்று, முழுப் பலத்தையும் போட்டு மிதித்தேன். தட்டு அரை விரல் ஏறியது. காலை எடுத்ததும் திரும்ப இறங்கிவிட்டது. மறுபடி மிதித்தேன். மறுபடி அதேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மூச்சு பாதி, பேச்சு பாதி.

"முழுசா... மிதிக்காத. பாதி... பாதி மிதி."

பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் அடிப்பக்கம் தேய்ந்துபோயிருந்தது. முழுக்க மிதித்தால் எண்ணெய் வந்த வழியே திரும்பிவிடும். பாதி மிதித்தால் பிடிக்கும். வருஷக்கணக்காக அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்திருந்த விஷயம் ஃபிட்டரான எனக்குத் தெரியாது. என் கிராங்கு தற்செயலாகப் பாதி மிதிதான் மிதித்துக்கொண்டிருந்தது, அதனால் ஒரு மாதம் தப்பித்தேன்.

பாதி மிதித்தேன். தட்டு ஏறி, நின்றது.

"ஒண்ணு" என்றது அடியிலிருந்து அந்தக் குரல்.

மிதித்தேன். "ரெண்டு."

அவர் எண்ணுகிறார். இரும்புத் தட்டு மேலே கிடக்க, அந்த மனிதர் எண்ணுகிறார்.  மூன்று, நாலு, ஐந்து. குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது. எட்டு கேட்டது. ஒன்பது கேட்கவில்லை. என் கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

"மிதிடா! நிறுத்தாத, மிதி! ஒம்போது!"

திரும்பிப் பார்த்தேன். நயினார். வெள்ளை வேட்டியோடு மண்ணில் முட்டி போட்டு, சவரிமுத்துவின் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டு, அடித் தொண்டையிலிருந்து கத்தினார். "பத்து! மிதி! பதினொண்ணு!" நான் சொன்னேனே, ஒரே ஒரு நாள் கேட்டேன் என்று, அது இதுதான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பதினாலில் ஆட்கள் சவரிமுத்துவை வெளியே இழுத்தார்கள். இடது தோள் உள்ளே போயிருந்தது. வாயோரம் ரத்தம். மூச்சு இருந்தது. கையில் அவருடைய துண்டு. அதைக் கசங்காமல் மடித்துப் பிடித்திருந்தார், அதன் மேல் நாலைந்து எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

அதே லாரியில் மூட்டைகளின் மேல் படுக்கவைத்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நயினாரும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வந்தார். சூரியன் எப்போது மலைக்குப் பின்னால் போனது என்று யாரும் பார்க்கவில்லை. நயினார் அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தோளெலும்பும் நாலு விலா எலும்பும் உடைந்திருந்தன. பிழைத்துக்கொள்வார், இடது கை மட்டும் மார்புக்கு மேல் எழும்பாது என்றார்கள். ஐந்தாம் நாள் பேச விட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.  கேட்க நினைத்தது மன்னிப்பு, வாயில் வந்தது வேறு.

"ஏண்ணா உள்ள போனீங்க? முன்ன எல்லாம் வெளிய நின்னுதான பெருக்குவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நான் கேட்டது அவருக்கு விசித்திரமாகப் பட்டது போலிருந்தது.

"முன்ன மிதிக்கறதுக்குக் கூலி, தம்பி. பெருக்கறது சும்மா. இப்ப பெருக்கறதுக்கே கூலி குடுக்குறாரு. வெளிய நின்னு ரெண்டு இழுப்பு இழுத்துட்டு எப்பிடி வாங்கறது? மோட்டார் வந்த நாள்லேர்ந்து முழுசா உள்ள போயிதான் பெருக்குறேன். உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரு மாதமாக அவர் ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுக்க உள்ளே போய் வந்திருக்கிறார். துடைப்பம் அவர் கையோடு உள்ளே போய் அவரோடு வெளியே வந்து ஆணிக்குப் போனதால், என் கணக்கு தப்பாமல் இருந்திருக்கிறது. அன்று துணி வந்ததும் துடைப்பம் முன்னாலேயே ஆணிக்குப் போய்விட்டது.

"நான் வெளிய வந்தத பாத்துட்டுதான் நீ எறக்குறன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.



மில்லுக்குத் திரும்பியபோது வேலை போய்விட்டது என்றே நினைத்தேன், போலீஸ் வந்தாலும் போகத் தயாராக இருந்தேன். நயினார் என்னைக் கூப்பிட்டு, "நீ நின்ன எடத்த காட்டு" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் போய் நின்றார். ஸ்டார்ட்டரைப் பார்த்தார், லீவரைப் பார்த்தார். மூட்டை அடுக்கைப் பார்த்தார். குனிந்து பார்த்தார், எக்கிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலியே, கோதண்டம்."

"தெரியாது மொதலாளி."

"துணின்னு சொன்னது நான். பெருக்கட்டும்னு சொன்னதும் நான்" என்றார்.  எறும்புக்குப் பார்த்த மனிதர். அவர் முகத்தில் அன்று பார்த்த திகைப்பை வேறு எந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். பழைய டேபிளில் ஏன் ஒருநாளும் இப்படி ஆகவில்லை? மிதிப்பவரும் பெருக்குபவரும் ஒரே ஆள். உள்ளே குனிந்திருக்கிற ஆளின் கால் பெடலில் இருக்க முடியாது. பெடலில் கால் இருந்தால் ஆள் வெளியே இருக்கிறான். அந்த டேபிளுக்கு இருந்த காவல் அது ஒன்றுதான், அதை யாரும் வைக்கவில்லை, தானாக அமைந்திருந்தது. நான் மோட்டார் வைத்த அன்று அந்த ஒரு ஆளை இரண்டாக வெட்டினேன். கண்ணைத் தட்டுக்கு அடியில் விட்டுவிட்டு, கையைச் சுவரோரம் கொண்டுபோனேன்.

கொக்கியை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எறிந்தேன். லீவரைக் கழற்றினேன். எண்ணெய்க் குழாயைப் பழையபடி சின்னதாக்கினேன். சின்னப் பெடலைப் பழைய இடத்திலேயே, தட்டுக்கு அடி தெரிகிற பக்கத்தில் பூட்டினேன். மோட்டார் ஏற்றும், இறக்குவது மட்டும் கால்தான். காலை எடுத்தால் நிற்கும். அந்தப் பெரிய பெடலைத் தூணிலேயே ஆணி அடித்து மாட்டினேன், சுத்தியலோடு. அந்த இரும்புப் பின்னையும் கையால் இழுத்தால் வருகிற மாதிரி மாற்றினேன். நயினார் பார்த்தார். நல்லாதான் இருக்குது போல என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து சவரிமுத்து வந்தார். சைக்கிள் ஓட்ட முடியாததால் பஸ்ஸில் வந்தார். இடது கையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். "கை போனா இன்னா, காலு இருக்குது இல்ல" என்று எல்லாரிடமும் சொன்னார். இறக்கும் பெடல் இனி அவருடையது, பெருக்குவதும் அவரே என்று நயினார் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் லாரி வந்தது. மோட்டார் ஏற்றியது. மூட்டைகளைத் தள்ளினார்கள். சவரிமுத்து வெளியே குந்தி உட்கார்ந்து, நீளக் கழியில் கட்டிய துணியால் அடியில் ஒதுக்கினார். எழுந்தார். கழியை ஆணியில் மாட்டினார். பெடலில் கால் வைத்தார். மிதிக்கவில்லை.

"ஃபிட்டரு எங்க?" என்றார்.

நான் ஸ்டார்ட்டர் பக்கத்தில், மூட்டை அடுக்குக்குப் பின்னால் நின்றேன். "இங்கதாண்ணா இருக்கறேன்."

"அங்க இருந்தா எனுக்குத் தெரியல. முன்னாடி வா."

வந்தேன்.

"இன்னும் தள்ளி. எதிர்ல நில்லு. ரெண்டு கையும் மேல தூக்கு, நான் பாக்கணும்."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். அவர் என் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார், குனிந்து தட்டுக்கு அடியில் இன்னொரு தடவை பார்த்தார். பிறகுதான் மிதித்தார். தட்டு மெல்ல இறங்கி, அடியில் போய் 'டொக்' என்று உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த மில்லில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். என் கல்யாணத்துக்கு அவர் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டார், என் மகனைத் தன் நல்ல கையால் தூக்கிக் கொஞ்சினார். ஆனால் நான் மில்லில் இருந்த ஒரு நாள்கூட, நான் எதிரில் வந்து இரண்டு கையையும் தூக்காமல் அவர் அந்த டேபிளை இறக்கியதில்லை. போதும் தம்பி, கையை இறக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.